உன் லோன் ஸ்டாரை எனக்கு அனுப்பு

அன்புத் தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். பென்சில்வேனியாவில் குளிர் இன்னும் விடவில்லை. உன் கடிதத்தின் முதல் பாதியை மகிழ்ச்சியோடும், மறுபாதியைக் கோபத்தோடும் படித்தேன். இனித் தரையில் மண்டியிட்டு, குவில்ட் என்னும் பஞ்சுப் போர்வையின் மேல்துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் சேர்த்து ஊக்கு குத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்கிறாய். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்காக சாய்சதுரத் துண்டுகளை ஒரு பெரிய எட்டுமுனை நட்சத்திரமாக இணைத்த அந்த லோன் ஸ்டார் குவில்ட்டைக் கடையில் கொடுத்து, கணினி இயந்திரத்தில் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சுருள் வடிவத்தை ஓட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று சின்னக்கா சொன்னதும், நீயும் சரி என்றாயாமே! எதற்கும் மறுத்துப் பேசியே பழகியவள், இதற்கு மட்டும் எப்படி இணங்கினாய்?

இயந்திரத் தையலை நான் குறைத்துச் சொல்லவில்லை. குவில்ட் கலைஞர் கேரில் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தில் தைத்த குவில்ட்டுக்கு 1989இல் கென்டக்கியின் பதூக்கா கண்காட்சியில் முதற்பரிசு கிடைத்தபோதே கையா இயந்திரமா என்ற வழக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் உனக்கு வலிப்பது முழங்கால்தான், விரல்கள் அல்ல. தரையில் செய்யும் வேலையை மட்டும் இயந்திரத்திடம் கொடுப்போம்; தையல் உன் கையிலேயே இருக்கட்டும். துணியைச் சட்டத்தில் கட்டிவைக்க, தையல் தலை அதன் மேல் நகர்ந்து தைக்கும் என் லாங்ஆர்ம் இயந்திரத்தில் நான் பேஸ்டிங் மட்டும், அதாவது அடுக்குகளைப் பிடித்து நிறுத்திப் பிறகு உருவிவிடும் தற்காலிகத் தையல் மட்டும், போட்டு அனுப்புகிறேன்.

கணினி தானாக ஏதேனும் பூ வரைந்துவிடும் என்று அஞ்சாதே. திரையில் குவில்ட்டின் மூலைகளைக் காட்டி, நான்கு அங்குல இடைவெளியில் நேர்கோடுகள் என்று சொன்னால் அது மட்டுமே செய்யும். ஊசி ஒரு முறை இறங்கி ஏறும், இயந்திரத்தின் தலை ஓர் அங்குலம் நகரும், மறுபடி ஒரு முறை இறங்கும். அதைவிட நீண்ட தையல் விட்டால், கைத்தையல் வளையத்தில் மாட்டித் தைக்கும்போது உன் விரல் நூலில் சிக்கும். குறுக்கும் நெடுக்குமாக இப்படிப் போட்டுவிட்டால், வளையத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும் அடுக்குகள் நழுவாது. நெடுக்குக் கோடுகளை ஒரே மூச்சில் போட முடியாது. தைத்த பகுதி உருளையில் சுற்றச் சுற்ற, தலை முன்னும் பின்னும் போக இருக்கும் இடம் குறைந்துகொண்டே வரும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

ஆனால் கணினிக்குக் கண் இல்லை. துணி மடிந்து கிடந்தால் மடிப்பின் மேலேயே தைக்கும். துணியைப் பிடிக்கப் பக்கவாட்டில் மாட்டிய கிளாம்ப் குறுக்கே வந்தால் அதன் மீதே மோதும். லோன் ஸ்டாரில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சாய்சதுரங்களின் விளிம்புகள் மூலைவாட்டில் வெட்டப்பட்டவை என்பதால் இழுத்த இழுப்புக்கு நீளும். எட்டு முனைகளும் கூடும் நடுவில் துணி குடைபோல உப்பிக்கொள்ளும். அந்த உப்பலை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் பார்டரில் பெரிய மடிப்பாக விழும். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் இயந்திரத்தை நிறுத்தி, உள்ளங்கையால் நீவி, மிகுதியை அந்தந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து ஊக்கு குத்திய பிறகே ஓட விடுவேன். இயந்திரம் ஓடும்போது நான் அடுப்படிப் பக்கம்கூடப் போவதில்லை.

அடித்துணியை மத்தளம்போல இறுக்கிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தில் இருக்கும்வரை அழகாகத்தான் இருக்கும். கழற்றியதும் அடித்துணி தன் அளவுக்குச் சுருங்கி, மேல்துணியெங்கும் சுருக்கம் விழும். சட்டத்துக்கு அடியிலிருந்து ஒரு விரலை மேலே அழுத்தினால், அந்த விரல்நுனியைத் துணியோடு மேலிருந்து பிடிக்க முடிய வேண்டும். அந்த அளவு தளர்வு போதும்.

நூலைப் பற்றியும் கேட்டிருந்தாய். தண்ணீரில் கரையும் நூல் வசதியானதுதான், ஆனால் நீ மாதக்கணக்கில் மடியில் வைத்துத் தைப்பவள். ஈரக்கை பட்டாலே கரைந்துவிடும். வெள்ளைப் பருத்தி நூலை மேல்நூலின் இழுவிசையைத் தளர்த்திப் போடுகிறேன். முனைகளில் முடிச்சு இருக்காது. உன் தையல் நெருங்கி வரும் இடத்தில் ஓர் இழையை உருவினால் வந்துவிடும். சாய நூல் வேண்டவே வேண்டாம், வெள்ளைத் துணியில் அதன் நிறம் ஒட்டிக்கொள்ளும்.

இனி நீ செய்ய வேண்டியது. உன் மேல்துணி 90க்கு 90 அங்குலம் என்கிறாய். அடித்துணியும் பஞ்சு அடுக்கும் நான்கு பக்கமும் குறைந்தது நான்கு அங்குலம் கூடுதலாக, அதாவது 98 அங்குலமாவது இருக்க வேண்டும். 108 அங்குல அகலத் துணி வாங்கினால் 2¾ கெஜம் போதும், மூட்டே வராது. வழக்கமான 42 அங்குலத் துணிதான் கையில் இருக்கிறது என்றால் மூன்று பட்டைகள் வேண்டும். கரையை வெட்டிவிட்டு மூட்டு, தையலைப் பிரித்து இஸ்திரி போடு. கைத்தையலுக்கான கோடுகளை இப்போதே, மேசையில் வைத்து, மேல்துணியில் வரைந்துவிடு. பஞ்சு சேர்ந்த பிறகு பென்சில் நேராக ஓடாது. ஆனால் இஸ்திரியை முதலில் முடித்துக்கொள், சில மார்க்கர் மை சூடு பட்டால் போகவே போகாது.

மேல்விளிம்பு எது என்று தெரிய ஓர் ஊக்கு குத்தி அனுப்பு. சின்னக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி