குழல்வாய்மொழிக்கு என்ன குறை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குற்றாலநாதர் கோயிலில் தனிச் சன்னதி கொண்ட அம்மன் குழல்வாய்மொழி. புல்லாங்குழல் போல இனிய சொல்லுடையவள் என்று பொருள். நெல்லைச் சீமையில் காந்திமதியும் கோமதியும் தெருவுக்குத் தெரு உண்டு. இந்தப் பெயர் பிள்ளைகளிடம் அரிது. நீளம் என்பது சாக்கு. வீட்டில் ‘குழலி’ என்றால் போயிற்று.

சிக்கல், இரண்டு ழகரத்தில்தான். ஆங்கிலத்தில் ஒரு சான்றில் இசட்-எச், இன்னொன்றில் எல் என்று எழுதிவிட்டால் பள்ளிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் மூன்றும் ஒத்துப்போகாது. இடைவெளி விட்டுப் பிரித்தெழுதினாலோ பாதிப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். எனவே பிறப்புச் சான்றில் சேர்க்கும்போதே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமில்லை. அதன்பின் தாமதக் கட்டணம், அதுவும் 15 ஆண்டு வரைதான்.

இப்படிக்கு,
வாசகர், தென்காசி