பதினாறு வயது ஆறாண்டு காத்திருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 செப்டம்பர் 11 முதல் 13 வரை சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடைபெற்ற தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டிகளை நேரில் பார்த்தவன் என்ற முறையிலும், முப்பதாண்டுக்கும் மேலாக அரசுப் பள்ளி மாணவர்களை ஓட வைத்தவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஏழு நாடுகள் பங்கேற்ற அப்போட்டியில் இந்தியா 21 தங்கம், 22 வெள்ளி, 5 வெண்கலம் என 48 பதக்கங்களை வென்றதும், இலங்கை 35 பதக்கங்களுடன் இரண்டாம் இடம் பெற்றதும், தென்காசி மாவட்டத்து அபிநயா ராஜராஜன் நூறு மீட்டரை 11.77 வினாடிகளில் கடந்து போட்டிச் சாதனை படைத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். இதே போட்டி 2013இல் ராஞ்சியிலும், அடுத்து 2018இல் கொழும்பிலும், அதன்பின் 2024இல்தான் சென்னையிலும் நடந்தது. முதல் இடைவெளி ஐந்தாண்டு, அடுத்தது ஆறாண்டு.

தடகளத்தில் ஜூனியர் என்பது, போட்டி நடைபெறும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று இருபது வயது நிறையாதவரைக் குறிக்கும். உலக ஜூனியர் போட்டிகளில் கீழ்வரம்பு பதினாறு என்பதால், ஒருவருக்குக் கிடைப்பது நான்கே ஆண்டுகள். 2003, 2004ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்களின் கணக்கைப் பாருங்கள்: கொழும்புப் போட்டி நடந்த ஆண்டின் முடிவில்கூட அவர்களுக்குப் பதினாறு நிறையவில்லை, சென்னைப் போட்டி நடந்த ஆண்டின் முடிவிலோ இருபது நிறைந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் ஓடத் தெரிந்தும் ஒருமுறைகூட இந்தப் போட்டியில் காலெடுத்து வைக்க வழியில்லாமல் போயிற்று. கொரோனா காலத்தைக் காரணம் காட்டலாம், நியாயம்தான். ஆனால் 2013க்கும் 2018க்கும் இடையில் எந்தத் தொற்று குறுக்கே வந்தது?

தெற்காசிய அளவில் இந்தியா எளிதாக வெல்கிறது, இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. சென்னைப் போட்டிக்குப் பத்து நாள் முன்புதான் லிமாவில் உலக ஜூனியர் போட்டி முடிந்தது. அந்தத் தரத்தோடு ஒப்பிட்டால் தெற்காசியக் களம் சிறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் உலகப் போட்டிக்குத் தகுதி பெறுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். மற்றவர்களுக்கு நாட்டின் சீருடையை முதன்முறையாக அணிவதும், ஓட்டத்துக்கு முன் வீரர்களைச் சரிபார்க்கும் அழைப்பு அறையில் அயல்நாட்டுப் போட்டியாளர் பக்கத்தில் அமர்ந்து ஸ்பைக்ஸ் காலணியின் ஊசிகளைச் சோதனைக்குக் காட்டுவதும், தவறான தொடக்கம் ஒன்றே வெளியேற்றிவிடும் என்ற அச்சத்தோடு தொடக்கக் கட்டையில் கால் வைப்பதும் இங்கேதான் பழக வேண்டியவை. மாவட்டப் போட்டியின் மண் தரையில் இவற்றை என்னால் சொல்லித்தர முடிந்ததே தவிர, பழக்க முடிந்ததில்லை.

2016 பிப்ரவரியில் குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டுகளில் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவுக்கு அப்போது வயது பதினெட்டு. வெண்கலம் வென்றவர் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம். அதே ஆண்டு ஜூலையில் நீரஜ் 86.48 மீட்டர் எறிந்து உலக ஜூனியர் சாதனையுடன் தங்கம் வென்றார். எட்டாண்டு கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில் அவ்விருவருமே தங்கத்தையும் வெள்ளியையும் பகிர்ந்துகொண்டனர், இம்முறை நதீம் முதலிடத்தில். குவாஹாட்டிதான் அவர்களை உருவாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வயதில் அப்படியொரு களம் இருந்தது. இன்றோ அந்தத் தெற்காசிய விளையாட்டுகளும் 2019க்குப் பின் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கின்றன. மூத்தோருக்கான, அதாவது ஜூனியர் வயதைக் கடந்த சீனியர் வீரர்களுக்கான, தெற்காசியத் தடகளப் போட்டி 2008இல் கொச்சியில் நடந்தபின் 2025இல்தான் ராஞ்சியில் மீண்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஜூனியர் போட்டியின் அடுத்த தேதியைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூனியர் ஆண்கள் எறியும் குண்டு 6 கிலோ, மூத்தோருக்கு 7.26 கிலோ, 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரமும் 99 சென்டிமீட்டரிலிருந்து 106.7க்கு ஏறுகிறது. எனவே ஜூனியர் வயதில் வாய்ப்பைத் தவறவிட்டவன் அடுத்த போட்டியில் அதை ஈடுகட்டிக்கொள்ள முடியாது. அவன் தொடங்குவது கிட்டத்தட்ட வேறொரு விளையாட்டை.

ஆகவே இந்தியத் தடகளச் சம்மேளனமும் தெற்காசியத் தடகளக் கூட்டமைப்பும் இப்போட்டியை ஈராண்டுக்கு ஒருமுறை என உறுதி செய்ய வேண்டும். ஆசிய ஜூனியர் போட்டி அந்த முறையில்தானே நடந்துவருகிறது? சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இரு நகரங்களும் மாறி மாறி நடத்தினாலே பாதிச் சுமை குறையும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதற்கு முன்வந்து கேட்கலாம். தேதியைக் கல்வியாண்டு தொடங்கும் முன்பே அறிவித்துவிட்டால், செப்டம்பர் காலாண்டுத் தேர்வா, அணித் தேர்வு முகாமா என்று எந்த மாணவியும் தன் தலைமை ஆசிரியர் அறை வாசலில் விடுப்புக் கடிதத்தோடு நிற்க வேண்டியிராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்.