சூடான்காரரைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு நண்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதி. அடுத்த கண்ணையும் தள்ளிப்போடாமல் செய்துவிடு. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனும் வேலை மாற்றலாகிப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இருவர்தான், பேச்சுக்குப் பேச்சு சண்டை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பள்ளிவாசலில் பயான் செய்த ஹஜ்ரத், சூடான் நாட்டு மஹ்மூத் முஹம்மத் தாஹாவை முர்தத், அதாவது மார்க்கத்தை விட்டு வெளியேறியவர், என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், உன் மருமகனோ ஷஹீத், மார்க்கத்துக்காக உயிர்விட்ட தியாகி, என்கிறான், இரண்டில் எது என்று கேட்டிருக்கிறாய். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். இரண்டு பெயருக்குள்ளும் ஆள் அடங்கவில்லை.

முதலில் உனக்குப் பிடித்த சங்கதி: அவர் நம்ம ரயில்வேக்காரர். நீல நைல் கரையிலுள்ள ருஃபாஆ சொந்த ஊர். கார்ட்டூமில் கார்டன் நினைவுக் கல்லூரியில் இஞ்சினியரிங் படித்து 1936இல் வெளியே வந்து, சூடான் ரயில்வேயில் சேர்ந்து அத்பராவில் வேலை பார்த்தார். மதரஸாவில் ஓதி ஸனது என்ற ஆலிம் பட்டம் வாங்கியவர் இல்லை. ஓர் இஞ்சினியர் குர்ஆனுக்கு விளக்கம் சொல்லக் கிளம்பினால் ஆலிம்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். 1945இல் குடியரசுக் கட்சியைத் தொடங்கினார். மற்ற பெரிய கட்சிகள் எகிப்தோடு சேர்வதா, ஆங்கிலேயரோடு இணக்கமாகப் போவதா என்று பிரிந்து நின்றபோது, இவர்கள் இரண்டும் வேண்டாம், தனிக் குடியரசு வேண்டும் என்றார்கள். மறுவருடமே ஜெயில்.

அந்த 1946இல் நடந்த ஒன்றைத்தான் உன் மருமகனிடம் கேட்க வேண்டும். பெண்குழந்தைகளுக்குக் கத்னா என்று பிறப்புறுப்பை வெட்டும் கொடிய வழக்கத்தை ஆங்கிலேய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. ருஃபாஆவில் மகளுக்கு அதைச் செய்துவைத்த ஒரு தாயைப் பிடித்து உள்ளே போட்டார்கள். தாஹா ஜும்ஆவுக்கு வந்த கூட்டத்தின் முன் எழுந்து பேசினார். கூட்டம் கொதித்தது, ஆற்றைக் கடந்து போய் அந்தப் பெண்ணை விடுவித்தது. இவருக்கு இரண்டு வருடச் சிறை. பெண்ணுரிமை பேசியவர் என்று கொண்டாடப்படுகிறவர், பெண்ணுடலைச் சிதைக்கும் வழக்கத்தைத் தடுத்த சட்டத்துக்கு எதிராக ஊரையே கிளப்பியிருக்கிறார்! முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் தரப்பு இது: வழக்கம் கெட்டதுதான், ஆனால் தாயை ஜெயிலில் போட்டு அதை ஒழிக்க முடியாது, கற்பித்துத்தான் ஒழிக்க வேண்டும்; அந்நியன் நம்மைக் காட்டுமிராண்டி என்று உலகத்துக்குக் காட்டப் போட்ட சட்டம் இது. வாதத்தில் பாதி எனக்குச் சம்மதம். மீதிப் பாதிக்கு அந்தக் குழந்தை என்ன சொல்லும் என்று தெரியவில்லை.

ஜெயிலிலும், அப்புறம் ருஃபாஆ திரும்பியும், 1951 வரை கல்வத்து, அதாவது தனிமைத் தவம். நோன்பும் தொழுகையும் தியானமுமாக இருந்தவர் வெளியே வரும்போது புதுச் சிந்தனையோடு வந்தார். அதை 1967இல் ‘இஸ்லாத்தின் இரண்டாவது தூது’ என்ற நூலாக எழுதினார். சுருக்கம் இதுதான். மக்காவில் இறங்கிய வசனங்களே மூலச் செய்தி. மனித குலம் முழுமைக்கும் உரியவை. அந்தச் சுதந்திரத்தைத் தாங்கும் பக்குவம் ஏழாம் நூற்றாண்டு மக்களுக்கு இல்லாததால், மதீனாவில் சட்டமும் போரும் கட்டுப்பாடும் வந்தன. பிந்தியது முந்தியதை மாற்றியது என்று ஃபுகஹாக்கள் (மார்க்கச் சட்ட அறிஞர்கள்) சொல்லும் நஸ்க், இவர் கணக்கில் தள்ளிவைத்தல் மட்டுமே. காலம் வந்ததும் முந்தியது திரும்ப வரும். அல்-காஷியா சூராவில் நபியைப் பார்த்து, நீர் நினைவூட்டுபவர்தான், அவர்கள் மேல் அதிகாரம் செலுத்துபவர் அல்ல என்று வருகிறதே, அந்த 88:21, 22தான் இவருக்கு அடித்தளம். ஆணும் பெண்ணும் சமம், முஸ்லிமும் முஸ்லிமல்லாதவரும் ஒரே குடிமக்கள் என்பதெல்லாம் அதிலிருந்து எழுகிறது.

மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற 2:256 மதீனாவில் இறங்கியதாயிற்றே என்று நீ உடனே மடக்குவாய். இடம் முக்கியமல்ல, யாரை நோக்கிப் பேசுகிறது என்பதே முக்கியம் என்று அவர் சொல்லிவைத்திருக்கிறார். ஆனால், யாரை நோக்கிப் பேசுகிறது என்று தீர்மானிப்பது யார்? அவரேதானே? அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

அதைவிட இடிப்பது தொழுகை விவகாரம். மற்றவர்கள் நபியைப் பின்பற்றித் தொழுகிறார்கள், அந்தப் பாதையில் முதிர்ந்தவனுக்கு அல்லாஹ்விடமிருந்து அவனுக்கே உரிய தொழுகை கிடைக்கும், எனக்குக் கிடைத்துவிட்டது என்றார். சீடர்களோ ஐந்து வேளையும் விடாமல் தொழுதவர்கள். நானும் நீயும் அறிந்த எந்த மஹல்லாவில் இதைச் சொன்னாலும் என்ன நடக்கும்? 1968இல் கார்ட்டூம் ஷரீஅத் நீதிமன்றம் அவரை முர்தத் என்று அறிவித்தது. அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திருமணம், வாரிசுரிமை தவிர வேறு அதிகாரம் இல்லாத நீதிமன்றம் என்பதால் தீர்ப்பு தாளோடு நின்றது.

குடியரசுச் சகோதரர்கள் என்று பெயர் கொண்ட அவருடைய சீடர்கள் தெருமுனையில் நின்று பேசுவார்கள், சிறு பிரசுரம் விற்பார்கள், திட்டுபவரோடு நிதானமாக வாதம் செய்வார்கள். பெண்களும் நின்று பேசினார்கள். கல்யாணம் ஆடம்பரமில்லாமல், பேருக்கு ஒரு மஹர், தலாக் உரிமை மனைவிக்கும் உண்டு. அவரே உம்துர்மானில் மண்வீட்டில்தான் வாழ்ந்தார். அந்தப் பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பிடிக்காததும் உண்டு. 1969இல் ஆட்சியைப் பிடித்த ராணுவ அதிகாரி நுமைரிக்கு இவர்கள் வெகுகாலம் ஆதரவாகவே இருந்தார்கள். பழைய மதக்குழுக் கட்சிகள் வருவதைவிட இவர் மேல் என்பது கணக்கு. பொதுக்கூட்டத்தில் பேசக்கூடாது என்று தாஹாவுக்கே தடை போட்ட பிறகும் கணக்கு மாறவில்லை. 1983 செப்டம்பரில் அதே நுமைரி திடீரென்று ஷரீஅத் சட்டங்களைக் கொண்டுவந்து கசையடி, கைவெட்டு என்று இறங்கினார். தாஹா அதற்கு முன்பே காவலில் இருந்தார். 1984 டிசம்பரில் வெளியே விட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, 25ஆம் தேதி ஒரு துண்டுப் பிரசுரம்: ‘ஒன்று இது, இல்லையேல் பிரளயம்’. செப்டம்பர் சட்டங்களை நீக்கு, அவை இஸ்லாத்தையே கேவலப்படுத்துகின்றன. நாட்டின் தெற்கில் உள்நாட்டுப் போரில் ரத்தம் சிந்துவதை நிறுத்து. மக்களைப் பேச விடு. அவ்வளவுதான் கோரிக்கை.

ஜனவரி 7இல் விசாரணை, 8இல் மரண தண்டனைத் தீர்ப்பு. நீதிபதிகளுக்குத் தகுதியும் இல்லை, அரசின் கருவியாகாமல் நிற்கும் திராணியும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, விசாரணையில் பங்கெடுக்க மாட்டேன் என்றார். அப்போது குற்றச்சாட்டு அரசுக்கு எதிரான செயல்தான், மதம் மாறியது அல்ல. மேல்முறையீட்டில்தான் ரித்தத், அதாவது மார்க்கத்தை விட்டு விலகிய குற்றம், உள்ளே வந்தது. அன்றைய தண்டனைச் சட்டப் புத்தகத்தில் ரித்தத் என்ற குற்றமே கிடையாது. எழுபது தாண்டியவரைத் தூக்கிலிடக்கூடாது என்றும் விதி இருந்தது. ஹத்து எனப்படும், மார்க்கச் சட்டம் வரையறுத்த தண்டனைக்கு மட்டும் விலக்கு. ரித்தத்தைக் கொண்டுவந்ததும் வயதும் தடையாக நிற்கவில்லை. துணைக்கு அந்த 1968 தீர்ப்பையும் தூசி தட்டி எடுத்தார்கள். ஃபைல்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய உனக்கு இந்த வித்தை புரியும்.

1985 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை காலை, கோபர் சிறையில் தூக்கு. முகமூடியை எடுத்தபோது எதிரே கத்திக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து அவர் சிரித்தார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜனாஸாவை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கோ புதைத்தார்கள். கூடவே தண்டனை பெற்ற நால்வர் மறுநாள் தவ்பா சொல்லி, கருத்தை விட்டு மனம் திரும்பியதாக அறிவித்து, உயிர் தப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏப்ரலில் நுமைரி கவிழ்ந்தார். 1986இல் தாஹாவின் மகள் அஸ்மா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது.

1946இல் ஆங்கிலேயன் சட்டத்தை எதிர்த்தவரும் 1984இல் ஷரீஅத் சட்டத்தை எதிர்த்தவரும் வேறு வேறு ஆள் இல்லை என்பது என் அபிப்பிராயம். சர்க்கார் கையில் தடியைக் கொடுத்து மனுஷனைத் திருத்த முடியாது என்பதில் அவர் கடைசிவரை மாறவில்லை. அவருடைய தஃப்ஸீரில், குர்ஆன் விளக்கத்தில், பாதியை நான் ஏற்கமாட்டேன். அதற்காக அவரைக் கொன்றவர்களோடு நிற்கவும் மாட்டேன்.

ஒன்றை மட்டும் நீயும் மருமகனும் உட்கார்ந்து பேசுங்கள். 1991இல் சூடான் தண்டனைச் சட்டத்தில் ரித்தத்துக்கு மரணம் என்று எழுதியே வைத்தார்கள். 2020 ஜூலையில் அதை நீக்கினார்கள். நீக்கிய அதே திருத்தத் தொகுப்பில்தான் பெண் கத்னாவும் சிறைத்தண்டனைக் குற்றமானது. அவர் இருந்திருந்தால் முதலாவதற்குக் கைதட்டியிருப்பார். இரண்டாவதற்கு? இந்த முறை போட்டவன் அந்நியன் இல்லை, சொந்த அரசு. நான் அந்தச் சட்டத்தின் பக்கம்தான். அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று நீ நினைக்கிறாய்? எழுது. இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் காட்டு. ஹஜ்ரத்துக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. வீட்டில் எல்லோருக்கும் ஸலாம்.

உன் பழைய அறைத்தோழன்