அந்தப் பன்னிரண்டு சீசன்களையும் கணக்கில் சேருங்கள்: என்.பி.ஏ. ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர் ஆடம் சில்வர் அவர்களுக்கும், என்.பி.ஏ.வின் ஆட்டப் பதிவுகளைப் பராமரிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

லேக்கர்ஸ், பிஸ்டன்ஸ், கிங்ஸ், ஹாக்ஸ், செவன்டி சிக்ஸர்ஸ். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான உங்கள் என்.பி.ஏ.வின் 30 அணிகளில் இந்த ஐந்தும் உங்களிடம் வருவதற்கு முன்பு நேஷனல் பாஸ்கெட்பால் லீக், அதாவது என்.பி.எல். என்ற லீக்கில் ஆடியவை. 1937 முதல் 1949 வரை அந்த லீக் பன்னிரண்டு சீசன்கள் நடந்தது. 1949 ஆகஸ்ட் 3 அன்று அதுவும் பி.ஏ.ஏ. என்ற இன்னொரு லீக்கும் இணைந்தபோதுதான் என்.பி.ஏ. என்ற பெயரே வந்தது.

ஆனால் உங்கள் அதிகாரபூர்வ வரலாறு 1946 நவம்பர் 1 அன்று தொடங்குகிறது. டொராண்டோவில் நியூயார்க் நிக்ஸ் அணி ஹஸ்கீஸ் அணியை 68-66 என்று வென்ற நாள் அது. அந்த ஆட்டம் பி.ஏ.ஏ.வின் முதல் ஆட்டம். இணைந்த இரண்டு லீக்குகளில் ஒன்றின் புள்ளிகள், பட்டங்கள் எல்லாம் அப்படியே என்.பி.ஏ. கணக்கில் இருக்கின்றன. இன்னொன்றின் அணிகளையும் ஆட்டக்காரர்களையும் எடுத்துக்கொண்டீர்கள், அதன் கணக்கை வெளியே விட்டுவிட்டீர்கள். பிறந்த வீட்டுச் சீரையெல்லாம் வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டின் பெயரை மட்டும் சொல்ல மறுப்பது போல இருக்கிறது இது.

என்.பி.எல்.லின் பன்னிரண்டு சீசன்களையும் உங்கள் அதிகாரபூர்வப் பதிவில் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஜார்ஜ் மைக்கனிலிருந்து தொடங்குகிறேன். டிபால் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு 1946-ல் சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ் அணிக்கு வந்தார். 1947-ல் அந்த அணி என்.பி.எல். பட்டத்தை வென்றது. அதன் முதலாளி தனியாக ஒரு லீக் தொடங்குகிறேன் என்று கிளம்பினார். அந்த லீக் சில வாரங்களிலேயே படுத்துவிட்டது. மைக்கன் மினியாபொலிஸ் லேக்கர்ஸுக்கு வந்து சேர்ந்தார். 1947-48 சீசனில் 1,195 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் பட்டம் வென்றது. அடுத்த சீசனில் லேக்கர்ஸ் பி.ஏ.ஏ.வுக்கு மாறியது, அங்கேயும் பட்டம் வென்றது. அதே அணி, அதே மைக்கன், அதே கோச் ஜான் குண்ட்லா. ஆனால் 1949-ல் வென்றது என்.பி.ஏ. பட்டமாக எண்ணப்படுகிறது, 1948-ல் வென்றது எண்ணப்படுவதில்லை. உங்கள் பட்டியலில் மைக்கன் எடுத்த புள்ளிகள் 10,156. என்.பி.எல்.லில் எடுத்ததையும் சேர்த்தால் 11,764. பட்டங்கள் ஐந்திலிருந்து ஏழாகும். 1948-ல் அவர் ஆடிய கூடைப்பந்தும் 1949-ல் அவர் ஆடிய கூடைப்பந்தும் தரத்தில் எப்படி வேறு என்று யாராலாவது சொல்ல முடியுமா?

மைக்கனுக்காவது மிச்ச ஆண்டுகள் உங்களிடம் இருக்கின்றன. லெராய் எட்வர்ட்ஸுக்கு ஒன்றுமே இல்லை. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் அடால்ஃப் ரப்பின் கீழ் 1934-35 சீசன் ஒன்றே ஒன்று ஆடினார், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான ஆல்-அமெரிக்கன் பட்டியலில் இடம்பிடித்தார், உடனே கல்லூரியை விட்டுச் சம்பளத்துக்கு ஆடப் போய்விட்டார். விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்காஷ் ஆல்-ஸ்டார்ஸ் அணிக்கு ஆடி, என்.பி.எல்.லின் முதல் மூன்று சீசன்களிலும் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். 1941-லும் 1942-லும் ஓஷ்காஷுக்குப் பட்டம். கூடைக்கு அடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி வந்ததற்கு, கல்லூரி நாட்களில் அவரைத் தடுக்க எதிரணிகள் பட்ட பாடும் ஒரு காரணம் என்பார்கள். அந்த விதி இன்றும் உங்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் இருக்கிறது. 1949-ல் லீக் முடிந்தபோது அவருடைய ஆட்டமும் முடிந்தது. அதனால் உங்கள் பதிவில் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. கல்லூரி வாசலையே மிதிக்காமல் வந்து என்.பி.எல்.லின் ஃபோர்ட் வெய்ன் அணியில் கலக்கிய பாபி மெக்டெர்மட் கதையும் இதேதான். 1988-ல் அவரைக் கூடைப்பந்து மேதைகளின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். உங்கள் புள்ளிவிவரத்தில் அவர் இல்லை.

இவர்கள் எப்படிப்பட்ட சூழலில் ஆடினார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். லீக்கின் முதல் பட்டத்தை வென்றது அக்ரன் நகரத்து குட்இயர் டயர் கம்பெனி அணி. அடுத்த இரண்டையும் வென்றது அதே ஊர் ஃபயர்ஸ்டோன் கம்பெனி அணி. ஃபோர்ட் வெய்ன் அணி பிஸ்டன் செய்யும் ஆலைக்காரருடையது. பிஸ்டன்ஸ் என்ற பெயர் அங்கிருந்துதான் டெட்ராய்ட்டுக்குப் போனது. பல வீரர்களுக்குப் பகலில் கம்பெனி வேலை, மாலையில் ஆட்டம். ஜான் வுடனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் யு.சி.எல்.ஏ.வுக்குப் பத்து தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த அதே வுடன். பர்டூ பல்கலைக்கழகத்தில் மூன்று முறை ஆல்-அமெரிக்கன். ஆனாலும் வாரநாட்களில் இண்டியானாவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகப் பாடம் நடத்திவிட்டு, வார இறுதியில் என்.பி.எல். ஆட்டத்துக்குப் போனார். அன்றைய அமெரிக்காவில் கல்லூரி நட்சத்திரமாக இருந்த ஒருவருக்கு ஆட்டத்தை நம்பி மட்டும் குடும்பம் நடத்த வழி இருக்கவில்லை. இவர்களைப் பொழுதுபோக்குக்கு ஆடியவர்கள் என்று நினைத்து ஒதுக்குவது பெரிய அநியாயம்.

இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. கறுப்பின வீரர்கள் என்.பி.ஏ.வில் நுழைந்த ஆண்டாக 1950-ஐச் சொல்கிறோம். ஏர்ல் லாயிட், சக் கூப்பர், நாட் கிளிஃப்டன் ஆகிய மூவரும் பட்ட அவமானங்களும் காட்டிய பொறுமையும் கொண்டாடப்பட வேண்டியவை. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் 1942-லேயே என்.பி.எல்.லின் டொலீடோ அணியும் சிகாகோ ஸ்டூடிபேக்கர்ஸ் அணியும் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்டன. அது போர்க்காலம், ஆட்களுக்குத் தட்டுப்பாடு. ஸ்டூடிபேக்கர் ஆலையில் வேலை பார்த்த ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற கறுப்பின அணியின் வீரர்கள் வெள்ளை வீரர்களோடு ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். பேஸ்பாலில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் என்ற உச்ச லீக்கில் கால் வைத்தது 1947-ல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே கூடைப்பந்தில் இது நடந்துவிட்டது! உங்கள் லீக் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி இது. உங்கள் கணக்கு 1946-ல் தொடங்குவதால் இதற்கு அதில் இடமில்லை.

பாப் கேட்ஸ் என்று ஒருவர். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் வளர்ந்தவர். நியூயார்க் ரெனசான்ஸ், சுருக்கமாக ரென்ஸ், என்ற முழுக் கறுப்பின அணியில் சேர்ந்தார். 1939-ல் சிகாகோவில் நடந்த முதல் உலகத் தொழில்முறைப் போட்டியின் இறுதியாட்டத்தில் ரென்ஸ் அணி, எட்வர்ட்ஸ் ஆடிய அந்த ஓஷ்காஷ் அணியையே 34-25 என்று தோற்கடித்தது. அப்படிப்பட்ட அணிக்கு எந்தப் பெரிய லீக்கிலும் இடம் இல்லை. ஊர் ஊராகப் பேருந்தில் போய் ஆடிச் சம்பாதித்தார்கள். தங்குவதற்கு ஓட்டல் கிடைக்காத ஊர்கள், சாப்பாடு மறுக்கப்பட்ட ஊர்கள் எத்தனையோ. 1946-ல் கேட்ஸ் என்.பி.எல்.லின் டிரை-சிட்டீஸ் பிளாக்ஹாக்ஸ் அணியில் ஆடினார். அதுதான் இன்றைய அட்லாண்டா ஹாக்ஸ். அதே சீசனில் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம் டாலி கிங் ரோச்செஸ்டர் ராயல்ஸில் ஆடினார். அது இன்றைய சாக்ரமெண்டோ கிங்ஸ்.

1948 டிசம்பரில் டெட்ராய்ட் அணி ஒன்று சீசன் நடுவே கலைந்தது. அந்த இடத்துக்கு ரென்ஸ் அணியை டேட்டன் நகரத்தின் பெயரில் என்.பி.எல். சேர்த்துக்கொண்டது. முழுக் கறுப்பின அணி, கறுப்பினக் கோச். ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்தவர் பாப் கேட்ஸ்தான். டெட்ராய்ட் விட்டுப்போன தோல்விகளும் அவர்கள் தலையில் சுமத்தப்பட, ரென்ஸ் கடைசி இடத்தில் சீசனை முடித்தது. அடுத்த ஆண்டு இணைப்பு நடந்தது. 17 அணிகளோடு என்.பி.ஏ. தொடங்கியது. ஷெபாய்கன், வாட்டர்லூ மாதிரிச் சின்ன ஊர்களுக்கெல்லாம் இடம் கிடைத்தது. ரென்ஸுக்குக் கிடைக்கவில்லை. கேட்ஸ் 1989-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். உங்கள் பதிவேட்டில் மட்டும் இன்றுவரை அவர் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். 1949-ல் கதவைச் சாத்தியது உங்கள் முன்னோர்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது.

நீங்கள் என்ன மறுப்புச் சொல்வீர்கள் என்று யூகிக்க முடிகிறது. என்.பி.எல். ஒழுங்கான லீக்காகத் தொடங்கவில்லை. முதல் சீசனில் அணிகள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைகூட ஒன்றாக இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். முதல் ஓரிரு சீசன்களுக்கு ஒரு குறிப்புப் போட்டு வைக்கலாம். புள்ளிவிவரங்கள் முழுமையாக இல்லை என்றால், உங்களிடம் இருப்பவை மட்டும் முழுமையா? ரீபவுண்டுகளை, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதை, எண்ணத் தொடங்கியதே 1950-51-ல். ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எறியும் பந்தைத் தடுப்பது) எல்லாம் 1973-74 முதல்தான். அதற்காக, அவற்றை எண்ணாத காலத்தில் ஆடிய பில் ரஸ்ஸலின் ஆண்டுகளை யாரும் தள்ளிவைக்கவில்லையே.

பேஸ்பால்காரர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். 1920 முதல் 1948 வரை கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக் தகுதி கொண்டவை என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். வரலாற்றாய்வாளர்களை உட்கார வைத்து, பழைய செய்தித்தாள்களில் கிடைத்த ஆட்டக் கணக்குகளைச் சரிபார்த்து, 2024 மே மாதம் எண்களைச் சேர்த்தார்கள். கிடைக்காத ஆட்டங்கள் நிறைய இருந்தும் செய்தார்கள். மேஜர் லீக் வீரர் டை காப்பின் .367 என்ற பேட்டிங் சராசரி பல தலைமுறையாக முதலிடத்தில் இருந்தது. இன்று அந்த இடத்தில் .372-உடன் நீக்ரோ லீக் வீரர் ஜாஷ் கிப்சன் இருக்கிறார். காப்பின் ரசிகர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். பேஸ்பால் ஒன்றும் இடிந்து விழவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. 1946 முதல் 1949 வரையிலான மூன்று என்.பி.எல். சீசன்களை முதலில் எடுங்கள். பி.ஏ.ஏ.வும் அதே மூன்று ஆண்டுகள்தான் நடந்தது. அதற்குக் கொடுத்த தகுதியை இதற்கு மறுக்கக் காரணமே இல்லை. அந்த ஒரு முடிவிலேயே மைக்கனின் இரண்டு பட்டங்களும், டாலி கிங்கும், டேட்டன் ரென்ஸும் உள்ளே வந்துவிடுவார்கள். பாப் கேட்ஸின் பெயருக்கு நேராக 'கோச்' என்றும் எழுத முடியும். அப்புறம் 1942-க்குப் போங்கள், அதற்கப்புறம் 1937-க்கு. அதற்கு ஓர் ஆய்வுக் குழுவை இந்த ஆண்டே அமையுங்கள். அன்றைக்கு ஆடியவர்களில் அனேகமாக எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாவது உங்கள் இணையதளத்தில் அந்தப் பெயர்களைத் தேடிப் பார்க்கும்போது கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
கூடைப்பந்தை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகன்