யாழினிக்கு, சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்

ஃப்ளூகர்வில், டெக்சஸ்
டிசம்பர் 15, 2024

அன்புள்ள யாழினிக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் மறுபடி நடக்கப் போகிறாள். போஸ்டன் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்று தினமும் என்னிடம் கேட்கிறாள், உன்னிடம் கேட்டால் நீ எரிந்து விழுவாயாம்.

நம் டெக்சஸ் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் டீம், எஸ்.இ.சி. என்கிற நம் கல்லூரி லீக்கின் இறுதியாட்டத்தில், அட்லாண்டாவில் ஜார்ஜியாவிடம் தோற்ற அன்று ராத்திரி நீ அனுப்பின செய்திக்கு நான் பதில் போடவில்லை. கோபத்தில் எழுதியிருக்கிறாய், ஆறட்டும் என்று விட்டேன். "இந்த டீமுக்கு டிஃபென்ஸ் மட்டும்தான் இருக்குப்பா, மீதியெல்லாம் ஃப்ளாக். ப்ளேஆஃப்ல நமக்கு ஒண்ணும் கிடைக்காது. நான் இனிமே பாக்கப் போறதில்ல" என்று போட்டிருந்தாய். டிஃபென்ஸ் பற்றி நீ சொன்னது சரி. தப்பு செய்தால் நடுவர் வீசுகிற அந்த மஞ்சள் துணி, ஃப்ளாக், அதைப் பற்றிச் சொன்னதும் சரி. தேசியக் கோப்பைக்கான ப்ளேஆஃப் பற்றிச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ப்ளேஆஃபில் ஆடும் டீம்களின் பட்டியலைக் கமிட்டி அறிவித்தபோது உன் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு செந்தில் அங்கிளும் நம் வீட்டில்தான் இருந்தார்கள். காபி ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம். சித்தப்பா நம் எதிரி டீமான டெக்சஸ் ஏ அண்ட் எம்-மில் படித்தவர், உனக்குத் தெரியும். அவர் கட்சி இது: "நீங்க இந்த வருஷம் யாரை ஜெயிச்சீங்க? மிச்சிகன் போன வருஷத்து மிச்சிகன் இல்ல. ஓக்லஹோமாவும் அப்படித்தான். நிஜமான டீம்னு வந்தது ஜார்ஜியா ஒண்ணுதான், ரெண்டு தடவையும் தோத்தீங்க. உங்க டிஃபென்ஸ் பேப்பர்ல நல்லா இருக்கு." செந்தில் அங்கிள் கட்சி வேறு. எல்லாம் நடுவர்கள் செய்த சதி, எஸ்.இ.சி.க்குப் புதிதாக வந்த டீம் முதல் வருஷமே கோப்பையைத் தூக்குவதை யாரும் விரும்பவில்லை என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை.

முதலில் டிஃபென்ஸ். போன ஜனவரி ஒன்றாம் தேதி நியூ ஆர்லியன்ஸில் வாஷிங்டனிடம் 37-31 என்று தோற்றோமே, அன்று அவர்களுக்காகப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் பெனிக்ஸ் நம்மை எதிர்த்து 430 யார்டு எறிந்தார். பந்து காற்றில் போனாலே நமக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்குப் பிறகு நம் டிஃபென்ஸின் ஸ்வெட்டும் பைரன் மர்ஃபியும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போனார்கள். நடுவில் அந்த இரண்டு மலைகளும் இல்லாமல் ஓட்டத்தை யார் தடுப்பது என்று கோடை முழுக்க ஊரே பேசியது. இந்த வருஷம் நடந்தது என்ன? மிச்சிகனை அவர்கள் மைதானத்திலேயே 31-12. ஓக்லஹோமாவை டாலஸில் 34-3. நவம்பர் 30 அன்று, 2011-க்குப் பிறகு முதல் தடவையாக ஏ அண்ட் எம்-மை அவர்கள் ஊரில் சந்தித்து 17-7. அந்த ஏழு புள்ளியும் நம் டிஃபென்ஸ் கொடுத்தது கிடையாது, நம் குவார்ட்டர்பேக் யூவர்ஸ் எறிந்த பந்தை அவர்கள் ஆள் பறித்து 93 யார்டு ஓடி எடுத்தது. நாலாவது குவார்ட்டரில் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால், நாலாவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், அவர்கள் ஓடிவந்தவரை நம் ஆட்கள் மடக்கி உட்கார வைத்தார்களே, அப்போது சித்தப்பா அரங்கத்தில்தான் இருந்தார். அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். பேப்பரில் மட்டும் இருக்கிற டிஃபென்ஸ் அந்த ஒரு யார்டைக் காப்பாற்றாது.

ஜாடே பாரனுக்கு வியாழக்கிழமை ஜிம் தோர்ப் விருது கிடைத்ததைப் பார்த்திருப்பாய். நாட்டிலேயே சிறந்த டிஃபென்ஸிவ் பேக்குக்கு, பின்னால் நின்று எறிகிற பந்தைத் தடுக்கிறவருக்கு, கொடுப்பது. கானலி ஹைஸ்கூல் பையன், நம் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். போன வருஷம் வரை உள்பக்கம் ஆடிக்கொண்டிருந்தவரை இந்த வருஷம் ஓரத்தில் கார்னராக நிறுத்தினார்கள். அடுத்த தடவை திரையில் பந்தைப் பார்க்காதே, இவரைப் பார். பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவரின் இடுப்போடு தன் இடுப்பை ஒட்டிக்கொண்டு ஓடுவார். கை ரிசீவர் மேல் பதியாது. பந்து வரும் நேரத்தில், ரிசீவரின் கண் விரிகிறதைக் கண்டு, தானும் தலையைத் திருப்பிப் பந்தைத் தேடுவார். அந்தத் தலைத் திருப்பலில்தான் எல்லாமே இருக்கிறது. பந்தைப் பார்த்துக்கொண்டே மோதினால் இருவருக்கும் பந்தில் உரிமை உண்டு என்று நடுவர் விட்டுவிடலாம். ஆளைப் பார்த்துக்கொண்டு மோதினால் மஞ்சள் துணி விழும்.

இதில் சித்தப்பா ஒரு விஷயம் சொன்னார், யோசிக்க வேண்டியதுதான். என்.எஃப்.எல்.லில் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது பந்து வரும் முன்பே ரிசீவரைத் தடுப்பது, என்றால் தவறு நடந்த இடத்திலேயே பந்தை வைப்பார்கள், 40 யார்டு என்றாலும் 40 யார்டுதான். கல்லூரி ஆட்டத்தில் அதிகபட்சம் 15 யார்டும் ஒரு முதல் டவுனும், அதாவது மறுபடி முதலிலிருந்து முயற்சிகள். அதனால் ஆள் தாண்டிப் போய்விட்டால் டச்டவுனை விடுவதைவிடச் சட்டையைப் பிடித்து இழுத்து 15 யார்டைக் கொடுப்பது புத்திசாலித்தனம் என்கிறார். கணக்கு சரிதான். ஆனால் அப்படிப் பிடித்துப் பழகின கை, தேவையில்லாத இடத்திலும் பிடிக்கும். மூன்றாவது டவுனில் 12 யார்டு வேண்டும் என்று எதிரி திண்டாடும்போது ஒரு இழுப்பு, அவர்களுக்குப் புது உயிர். பாரன் அந்தப் பழக்கம் இல்லாமல் ஆடுவதால்தான் அவரை எனக்குப் பிடிக்கிறது.

இப்போது நீ எரிச்சல்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். அட்லாண்டாவில் நமக்கு 11 பெனால்டி, 94 யார்டு. மைதானமே 100 யார்டு. கோலுக்குக் கோல் ஒரு முழு மைதானத்தைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறோம். முதல் பாதியில் ஜார்ஜியாவை டிஃபென்ஸ் மூன்றே புள்ளியில் நிறுத்தியது. நாம் எடுத்தது ஆறு. அந்தப் பாதியை யார் பார்த்தாலும் குறைந்தது 14, 17 எடுத்திருக்க வேண்டிய பாதி என்றுதான் சொல்வார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிரைவ், நடுவில் ஒரு ஹோல்டிங், எதிராளியைப் பிடித்து இழுக்கிற தப்பு, பத்து யார்டு பின்னால். பத்து யார்டு எடுக்க வேண்டிய இடத்தில் இருபது. அடுத்த ஸ்நாப்புக்கு முன் யாரோ ஒருவர் அசைந்துவிட்டார், இன்னும் ஐந்து. உதைத்துப் பார்த்த ஃபீல்டு கோல்களில் இரண்டு தவறின. கடைசி நிமிஷத்தில் 16-16 என்று சமன் செய்தும், ஓவர்டைமில் நமக்கு ஃபீல்டு கோல், மூன்று புள்ளி, அவர்களுக்கு டச்டவுன், ஆறு. 22-19.

ஹோல்டிங் எப்படி நடக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஓரத்து டாக்கிள் கையை எதிராளியின் மார்புக்குள், இரண்டு தோளுக்கு நடுவில் வைத்தவரை எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கால் ஒரு அடி பின்தங்கியதும் எதிராளி தோளைச் சாய்த்து வெளிப்பக்கம் சுற்றுகிறார். நம் ஆளின் கை மார்பிலிருந்து நழுவித் தோளுக்கு வெளியே போய்ச் சட்டையைப் பிடிக்கிறது. சட்டை இழுபடுவது நடுவருக்கு மட்டுமில்லை, மேல் அடுக்கில் உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரியும். கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யப் பார்க்கிறது. இதில் எந்தச் சதியும் கிடையாது. காலைச் சரி செய்தால் பெனால்டி பாதியாகக் குறையும். இரண்டு வாரம் பயிற்சிக்கு நேரம் இருக்கிறது, நம் கோச் சார்கீசியன் இதைத்தான் செய்துகொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

செந்தில் அங்கிளிடம் நான் குரலை உயர்த்திவிட்டது அக்டோபர் 19, நம் மைதானத்தில் ஜார்ஜியாவோடு ஆடின முதல் ஆட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது. அன்று நானும் அம்மாவும் அரங்கத்தில் இருந்தோம் என்பது உனக்குத் தெரியும். முதல் பாதி முடியும்போது 23-0 என்று பின்தங்கி இருந்தோம். மூன்றாவது குவார்ட்டரில் பாரன் பந்தைப் பறித்து ஜார்ஜியாவின் கோலுக்கு அருகே வரை கொண்டுபோனார். அவர் மேலேயே பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்று ஃப்ளாக். தவறான ஃப்ளாக், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. உடனே மாணவர்கள் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில்கள் பறக்க ஆரம்பித்தன. ஓரத்தில் கேமரா தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள், தண்ணீர் கொடுக்கிற பையன்கள், எல்லாரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மைதானத்தைச் சுத்தம் செய்கிற இடைவெளியில் நடுவர்கள் கூடிப் பேசி ஃப்ளாக்கை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நமக்கு டச்டவுன், 23-15. அம்மா கைதட்டவே இல்லை. யாரோ பெற்ற பிள்ளை மேல பாட்டில் வீசறாங்க, இதுக்கா நாம வந்தோம் என்று கேட்டாள். பிறகு எஸ்.இ.சி. நம் பல்கலைக்கழகத்துக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டது. போட்டது நியாயம். செந்தில் அங்கிளிடம் இதைத்தான் சொன்னேன். நடுவர்கள் நமக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்றால், அன்றைக்கு அந்த ஃப்ளாக்கை எடுத்திருக்கவே மாட்டார்கள். அப்படி எடுத்துக் கொடுத்தும் 30-15 என்று தோற்றோம். நம் குவார்ட்டர்பேக்கை அவர்கள் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியதால் தோற்றோம்.

சரி, வாய்ப்பு. இந்த வருஷம்தான் ப்ளேஆஃபில் முதல் தடவையாகப் பன்னிரண்டு டீம். கமிட்டி நம்மை மூன்றாவது இடத்தில் வைத்திருந்தும், முதல் நாலு வரிசை எஸ்.இ.சி. மாதிரியான லீக்குகளின் சாம்பியன்களுக்கு என்று விதி இருப்பதால் நமக்குக் கிடைத்தது ஐந்தாவது. ஓரகன், ஜார்ஜியா, பாய்ஸி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நால்வருக்கும் முதல் சுற்றில் ஓய்வு. நாம் வரும் சனிக்கிழமை இங்கே, நம் மைதானத்தில், க்ளெம்ஸனோடு ஆட வேண்டும். ஜெயித்தால் ஜனவரி ஒன்றாம் தேதி அட்லாண்டாவில் அரிசோனா ஸ்டேட். ஜார்ஜியாவிடம் தோற்றதே நல்லதாகப் போயிற்று, பாதை சுலபமாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஓய்வு என்பது சின்ன விஷயம் இல்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து பதின்மூன்று ஆட்டம் ஆடின உடம்புகள் அவை, யூவர்ஸ் இந்த வருஷம் காயத்தால் ஆட்டங்களையே தவறவிட்டவர். கூடுதல் ஆட்டத்துக்கான விலையை அவர்கள்தான் கொடுக்க வேண்டும், சோஃபாவில் உட்கார்ந்து பேசுகிற நாம் இல்லை.

க்ளெம்ஸனைச் சித்தப்பா லேசாகச் சொல்கிறார், நான் அப்படி நினைக்கவில்லை. எஸ்.எம்.யூ.வை 34-31 என்று, கடைசி நொடியில் 56 யார்டிலிருந்து உதைத்து ஜெயித்து வருகிறார்கள். அவர்கள் குவார்ட்டர்பேக் கேட் க்ளப்னிக் இதே ஆஸ்டினில், வெஸ்ட்லேக் ஹைஸ்கூலில் படித்தவர். நம் டிஃபென்ஸில் கடைசி வரிசையில் நிற்கிற சேஃப்டி மைக்கேல் டாஃபும் அதே பள்ளிக்கூடம். இன்னொரு சேஃப்டி ஆண்ட்ரூ முகூபா போன வருஷம் வரை க்ளெம்ஸனுக்கே ஆடினவர். ஜிம்பாப்வேயில் பிறந்து, இங்கே எல்.பி.ஜே. ஹைஸ்கூலில் படித்து, தென் கரோலைனா போய், மறுபடி ஊருக்குத் திரும்பி வந்த பையன். சனிக்கிழமை அவர் பழைய தோழர்களை எதிர்த்து நிற்கப் போவதை நினைத்தாலே எனக்கு இப்போதே படபடப்பாக இருக்கிறது. எப்படியும் ஜெயிப்போம். அந்த டிஃபென்ஸை மீறி க்ளெம்ஸனால் 30 புள்ளி எடுக்க முடியாது என்பது என் கணக்கு.

அரிசோனா ஸ்டேட் வேறு மாதிரி. ஸ்கேட்டபூ என்று பந்தோடு ஓடுகிற ஒரு ரன்னிங் பேக், முதல் ஆள் மோதினால் விழவே மாட்டார். அங்கே வேகம் உதவாது, காலைக் கட்டிப் பிடிக்கிறவர்கள் வேண்டும். நம் டிஃபென்ஸின் அந்தோணி ஹில் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன். அதற்கு மேல் ஓரகனோ ஒஹையோ ஸ்டேட்டோ டென்னஸியோ வரும். அந்த மாதிரி டீமிடம் ஒரே டிரைவில் இரண்டு ஹோல்டிங் கொடுத்தால் வீட்டுக்கு வர வேண்டியதுதான். கொடுக்காமல் ஆடினால் இந்த டிஃபென்ஸ் யாரையும் நாலாவது குவார்ட்டர் வரை பிடித்து வைக்கும். இறுதியாட்டம் ஜனவரி 20, அதுவும் அட்லாண்டாவில்தான். அங்கே போகிற தகுதி இந்தப் பையன்களுக்கு இருக்கிறது, யாழினி. அதை உறுதியாகச் சொல்கிறேன்.

நீ நாலு வருஷம் மாணவர்கள் பக்கத்தில் வெயிலில் நின்று தொண்டை கட்டக் கத்தினவள். 2021-ல் 5-7 என்று முடிந்தபோதுகூட நீ பார்ப்பதை நிறுத்தவில்லை. டீம் நன்றாக ஆடுகிற வருஷத்தில் வருகிற வலி அதிகம், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ஆட்டம் இங்கே மதியம் 3 மணிக்கு, உனக்கு 4 மணி. எனக்கும் உன் தம்பிக்கும் டிக்கெட் கிடைத்துவிட்டது. அம்மா மேல் அடுக்கு வரை படி ஏற வேண்டாம் என்று வீட்டிலேயே இருக்கிறாள், செந்தில் அங்கிள் வீட்டார் வருகிறார்கள். நீ 23-ம் தேதி காலை விமானத்தில் வருவதில் மாற்றம் இல்லையே? ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். சித்தப்பாவும் கிறிஸ்துமஸ் வரை இங்கேதான். உன் பேச்சை அவரிடம் நேரில் சொல்லு, எனக்குத் துணையாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா