அத்தைக்கு, ஆபரேஷனுக்கு முன்னால்

அன்புள்ள அத்தை,

வியாழக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். அப்பா வாயிலாக நீங்கள் கேள்விப்படும்படி ஆனதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் முன்னாலேயே சொல்லியிருந்தால் "மாறுகண் அதிர்ஷ்டம், அதில் கை வைக்காதே" என்று அழுதிருப்பீர்கள், நானும் தள்ளிப்போட்டிருப்பேன். எனக்கு 18 முடிந்துவிட்டது. கையெழுத்தை நானே போட்டேன்.

அந்தத் தைப்பூசம்தான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம், ஏதோ ஒரு தண்ணீர்ப்பந்தல். என் வலது கண்ணில் பிளாஸ்திரி. அரிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று நான் சிணுங்கினேன். பந்தலில் வாங்கிய தண்ணீரில் முந்தானையை நனைத்து, ஓரம் ஓரமாக ஊறவைத்து, இமை முடி ஒன்றுகூடப் பிடுங்காமல் எடுத்தீர்கள். சிவந்த இடத்தில் ஊதிவிட்டீர்கள். "சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க, இதோட எதுக்கு?" என்றீர்கள். அப்புறம் தோளில் தூக்கி வெள்ளி ரதத்தைக் காட்டினீர்கள். நல்ல கண்ணால் பார்த்தேன். என்ன ஜொலிப்பு!

அதற்கப்புறம் எங்கே கிளம்பினாலும் பிளாஸ்திரி வீட்டிலேயே தங்கிவிட்டது. டாக்டர் தினமும் ஆறு மணி நேரம் என்றார். உங்களுக்கு என் அழுகைதான் கணக்கு. கண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தால், ஒன்றிலிருந்து வருவதை மூளை ஒதுக்கிவிடும். நல்ல கண்ணை மூடி வைத்தால்தான் மற்றதற்கு வேலை கிடைக்கும். ஏழெட்டு வயதுக்குள் அது நன்றாகப் பிடிக்கும், பிறகு கஷ்டம். இதெல்லாம் அன்றைக்கே உங்கள் முன்னால்தானே சொன்னார்கள்?

சரி, விடுங்கள். என்னை அவ்வளவு தூக்கிச் சுமந்தவர் வேறு யாரும் இல்லை.

கண்ணை வெளியே எடுக்க மாட்டார்கள், பயப்படாதீர்கள். விழியைச் சுற்றியுள்ள தசையைப் பிரித்து, இடம் மாற்றித் தைப்பார்கள். சிலருக்கு இரண்டாம் தடவையும் செய்ய வேண்டிவரும். இடது கண்ணின் பார்வை இதனால் கூடிவிடாது; கண் நேராக நிற்கும், அவ்வளவுதான். அதற்கா இத்தனை என்று கேட்காதீர்கள். நான் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தன் முதுகுக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்க்கிறார், அத்தை. அதிர்ஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரையாவது அப்படி ஒருவர் பார்த்திருப்பாரா? கல்யாண வீட்டில் ஒருத்தர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள்.

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கண் சில வாரம் சிவந்திருக்கும். சொட்டு மருந்து விட நீங்கள்தான் வர வேண்டும், அம்மாவுக்குக் கை நடுங்கும். மாமாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.