கப்பல் போன பிறகு

இக்கலூயிட்,
ஒக்டோபர் கடைசி

அன்பு மச்சான்,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே இரண்டு கிழமையாக ஒரே ஓட்டம். குளிர் இறங்கியதும் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் பேர்னர்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. இரவு இரண்டு மணிக்கும் போன் வரும், போகாமல் இருக்க முடியாது. சூடு நின்றால் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும்.

"அந்தப் பனிக்குள் என்னடா சாப்பிடுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். சோறுதான். ஆனால் அந்த அரிசிக்கு மே மாதமே பட்டியல் போட்டாக வேண்டும். கனடாவின் வடக்கிலுள்ள இந்த நுனவுட் பிரதேசம் இலங்கையைப் போல முப்பது மடங்கு பெரியது. 2021 கணக்கெடுப்பில் ஆட்கள் 37,000 பேர்கூட இல்லை. மொத்தம் 25 ஊர்கள். எந்த ஊரிலிருந்தும் இன்னோர் ஊருக்கு றோட்டு இல்லை, தெற்குக் கனடாவுக்கும் இல்லை. கடல் உருகிக் கிடக்கும் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரைதான் கப்பல் வரும். மற்ற மாதங்களில் விமானம் மட்டும். விமானத்தில் வந்த தக்காளியின் விலையைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். ரொறொன்ரோவில் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு, சில நாள் மூன்று மடங்கு.

ஆகவே மரப்பெட்டி ஒன்றில் வருசச் சாமானைக் கட்டிக் கப்பலில் எடுப்பித்தேன். அரிசி, பருப்பு, ரின்மீன், தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள் எல்லாம் வந்தன. பழப்புளியை மட்டும் பட்டியலில் எழுத மறந்துவிட்டேன். அடுத்த கப்பல் ஜூலையில். சிரி, சிரி.

எனக்குப் புளிதான் இல்லை. இந்த ஊர்களுக்கோ எண்ணெயும் அதே மாதங்களில் கப்பலில்தான் வர வேண்டும். எண்ணெய்க்கப்பல் தள்ளி நின்று நீளமான குழாயால் கரையிலுள்ள தாங்கிகளை நிரப்பிவிட்டுப் போகும். குளிர்காலம் முழுவதும் வெளிச்சம், வீட்டுச் சூடு, வாகனம் எல்லாம் அதற்குள்தான். 25 ஊருக்கும் தனித்தனி டீசல் மின்நிலையம். ஓரிடத்தில் பழுதென்றால் பக்கத்து ஊரிலிருந்து கம்பி இழுக்க வழியில்லை. 2015 ஏப்ரலில் பங்னிர்த்துங் என்ற ஊரின் மின்நிலையம் தீப்பிடித்தது. அவசரநிலை அறிவித்து, ஜெனரேற்றர்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2018இல் மேற்குப் பக்கத்து குக்லுக்துக், கேம்பிரிட்ஜ் பே இரண்டுக்கும் வரவேண்டிய படகுச் சாமான் ஐஸ் அடைத்ததால் வரவேயில்லை. உலகம் சூடாகிறது, ஐஸ் குறைகிறது என்கிறோம். ஆனால் வடக்கே உடைந்த பழைய ஐஸ் இறங்கி வந்து வழியை அடைத்துவிடுகிறது.

இதை எழுதும்போது நம்முடைய ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் வருகிறது. ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது போத்தலடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோமே. போன மாதம் இங்கே ஒரு கூட்டத்தில், இவ்விடத்துப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களில் வயதான அம்மா ஒருவர் குல்லிக் ஏற்றினார். பிறைவடிவக் கல்விளக்கு. சீல் என்ற கடல்நாயின் கொழுப்பு உருகி எண்ணெயாகும், பாசியும் பருத்தி போன்ற ஒரு புல்லின் பூவும் திரி. சுடர் புகைக்காதபடி ஒரு குச்சியால் திரியை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்பு அந்த ஒரு கடல்நாய்தான் இவர்களுக்கு இறைச்சி, விளக்கு, சூடு, உடுப்பு எல்லாம். சாப்பாடும் எரிபொருளும் ஒரே மிருகத்திலிருந்து, அதுவும் வாசலுக்கு முன்னாலுள்ள கடலிலிருந்து வந்தன. இன்றைக்கு இரண்டும் தெற்கிலிருந்து கப்பலேறி வருகின்றன. இங்குள்ள மின்சாரக் கூட்டுத்தாபனத்தின் பெயரும் குல்லிக்தான் மச்சான். எரிப்பது டீசல்.

அப்போ வேட்டையாடிச் சாப்பிடலாமே என்பாய். வேட்டைக்கும் எண்ணெய் வேண்டும். ஸ்கிடூ என்ற பனிவண்டிக்குப் பெற்றோல், துவக்குக்குத் தோட்டா, உதிரிப்பாகம், எல்லாம் காசு. முன்பு இறைச்சியைப் பங்கிட்டுவிட்டு, தோலை விற்ற காசில் அடுத்த பயணத்துக்குப் பெற்றோல் அடித்தார்கள். 1983இல் ஐரோப்பா சீல் குட்டித் தோலைத் தடைசெய்தது. அந்தக் குட்டிவேட்டை இனுயிட் மக்களுடையது அல்ல, ஆனாலும் அவர்களுடைய தோலின் விலையும் சேர்ந்து விழுந்தது. 2009இல் இன்னும் பெரிய தடை. இனுயிட்டுக்கு விலக்கு உண்டு என்று எழுதித்தான் இருந்தார்கள், ஆனால் வாங்குகிறவன் சட்டத்தின் உட்பிரிவை வாசித்துவிட்டா தோல் வாங்குகிறான்? வேட்டைக்காரனின் பெற்றோல் காசை எங்கேயோ இருந்த நல்ல மனசுக்காரர்கள் பறித்துவிட்டார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. நான் இருக்கும் இந்த பாஃபின் தீவின் கரிபூ மான்களும் குறைந்துபோய், 2015இல் முதலில் முழுத்தடை, பிறகு வருசத்துக்கு 250 கிடாய்கள் மட்டும் என்று வந்தது.

2017-18 கணக்கெடுப்பில் இங்கே நூற்றுக்கு 57 வீடுகளில் சாப்பாட்டுக்கு நிச்சயமில்லை. கனடாவில், மச்சான்! 2011இலிருந்து வடக்குக்கு வரும் உணவுக்கு அரசு மானியம் கொடுக்கிறது, ஆனால் அது போவது கடைக்காரர் கைக்கு. விலையில் எவ்வளவு குறைக்கிறார்கள் என்று சனம் சண்டை பிடித்துக்கொண்டே இருக்கிறது. 2020இல் வேட்டைக்காரருக்கென்று ஒரு உதவித்தொகை தொடங்கினார்கள். ஒரு பீப்பாய் பெற்றோல் கொண்டுவரும் இறைச்சியை ஒரு விமானம் நிறைய ஐஸ்பெட்டிச் சாப்பாடு ஈடுசெய்யாது என்பது என் எண்ணம்.

சூரிய மின்சாரம் பற்றியும் கேட்டிருந்தாய். கோடையில் வெயில் இரவு பதினொரு மணிவரை அடிக்கிறது. மின்சாரம் அதிகம் தேவைப்படும் டிசம்பரிலோ பகல் நாலரை மணித்தியாலம்கூட இல்லை. இங்கிருந்து அறுபது கிலோமீற்றரில் ஓர் ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் பேச்சில் இருக்கிறது. வந்தால் நல்லது. அதுவரை டீசல் எஞ்சினின் கழிவுச்சூட்டைக் குழாயில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியைச் சூடாக்குகிறார்கள். என் தொழிலுக்கு அதுதான் பிடித்த விசயம்.

இக்கலூயிட் என்றால் நிறைய மீன் உள்ள இடமாம். பக்கத்து வீட்டுக்காரர் போன சனிக்கிழமை இரண்டு சார் மீன் தந்தார். செம்மஞ்சள் நிறச் சதை, கொழுப்பான மீன். காசு நீட்டியபோது முகத்தைச் சுளித்தார், இங்கே அது மரியாதை இல்லை. புளியில்லாமல் தேசிக்காய்ச் சாறு விட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறைப்பில் கண்ணீர் வடியச் சட்டியை வழித்துவிட்டு, அடுத்தமுறை சீல் இறைச்சி தருகிறேன், இப்படியே சமை என்கிறார். அம்மாவிடம் கேட்டுச் சொல், ஆட்டிறைச்சிப் பக்குவம் சரிவருமா?

பழப்புளி தபாலில் அனுப்பாதே. தபால் செலவுக்கு ஒரு புளியமரமே வாங்கலாம்.

அன்புடன்,
உன் பக்கத்து மேசைக்காரன்